இரவல் பாட்டு: ஷினேட் ஓ'கானரின் ரெகே தொகுப்பைக் கேட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரெகே இசையின் அன்பர்களுக்கும், அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானரின் குரலை நேசிப்பவர்களுக்கும்,

2005ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 'த்ரோ டவுன் யுவர் ஆர்ம்ஸ்', அதாவது 'ஆயுதங்களைக் கீழே போடுங்கள்' என்று பொருள்படும் இசைத்தொகுப்பு, அன்று முதல் இன்று வரை கேட்போரிடையே ஒரு தீராத வழக்காகவே இருந்து வருகிறது. ஜமைக்கா இசையில் ஊறியவர்கள் பலர், மூலப் பதிவுகளில் இல்லாத எதையும் இப்பாடகி புதிதாகத் தரவில்லை என்றும், நல்ல வாத்தியக் குழுவை அமர்த்திக்கொண்டு தமக்குப் பிடித்த பாடல்களைத் திரும்பப் பாடியிருக்கிறார் என்பதற்கு மேல் சொல்வதற்கில்லை என்றும் கருதுகிறார்கள். 1990ஆம் ஆண்டின் 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பாடலின் வழியாக அவரிடம் வந்து சேர்ந்தவர்களோ, அந்தப் பாடலில் கேட்ட நெருப்பு இங்கே அடங்கிக் கிடப்பதாக வருந்துகிறார்கள். ஒரு வெள்ளையினப் பெண், அதுவும் ஐரோப்பியர், கறுப்பின மக்களின் சமயப் பாடல்களைப் பாடத் தகுதி உடையவரா என்ற கேள்வியும் இவ்விரண்டுக்கும் நடுவில் எழுந்தபடி இருக்கிறது. இக்கருத்துகள் எவையும் அலட்சியமாகச் சொல்லப்பட்டவை அல்ல என்பதாலேயே அவற்றிற்கு விடை எழுத வேண்டியிருக்கிறது.

தொகுப்பைப் பற்றிய அடிப்படைச் செய்திகளை முதலில் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. பாப் மார்லி நிறுவிய கிங்ஸ்டன் நகரத்து டஃப் காங் ஒலிப்பதிவுக்கூடத்தில், டிரம் கலைஞர் ஸ்லை டன்பார், பேஸ் கிட்டார் கலைஞர் ராபி ஷேக்ஸ்பியர் ஆகிய இருவரின் தயாரிப்பில் இதன் 12 பாடல்கள் உருவாயின. ஜமைக்காவின் 1970களுக்குப் பிந்தைய இசையை ஸ்லையும் ராபியும் இல்லாமல் எழுத முடியாது; அவர்கள் வாசித்த பதிவுகளின் எண்ணிக்கை பல்லாயிரம் என்று மதிப்பிடப்படுகிறது. பாடல்கள் அனைத்தும் 'ரூட்ஸ் ரெகே' என்னும் வகையைச் சேர்ந்தவை, அல்லது அதன் மரபில் வந்தவை. 'வேர்' என்று பொருள்படும் அப்பெயர், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கடத்தி வரப்பட்ட முன்னோரையும், அவர்களின் வழித்தோன்றல்கள் 1930களில் கண்டெடுத்த ராஸ்டஃபாரி சமயத்தையும் சுட்டுகிறது. 1930 நவம்பரில் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடிய ஹைலி செலாசியின் முந்தைய பெயரான ராஸ் தஃபாரி என்பதிலிருந்து பெயர் பெற்ற அச்சமயம், அவரையே இறைவனின் வடிவமாகக் கண்டது. இறைவனை 'ஜா' என்று அழைத்தது. ஏழைகளை ஒடுக்கும் அரசு, காவல், திருச்சபை அனைத்தையும் விவிலியத்திலிருந்து எடுத்த 'பாபிலோன்' என்ற ஒரே பெயரால் குறித்தது.

இனி முதற்குற்றச்சாட்டுக்கு வரலாம். மூலத்தை அப்படியே பாடுவதில் கலை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ராக் இசை வளர்த்துவிட்ட ஓர் அளவுகோலை ஜமைக்கா இசைக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். அந்த அளவுகோலின்படி, பிறர் பாடலை எடுத்துப் பாடுபவர் அதைத் தலைகீழாக மாற்றினால்தான் அவருக்கு மதிப்பு. ஜமைக்காவில் நிலைமை வேறு. அங்கே ஒரு பாடலுக்காக உருவான டிரம், பேஸ் கிட்டார் அடித்தளத்தை 'ரிடிம்' என்று அழைக்கிறார்கள். ஒரு ரிடிம் நன்றாக அமைந்துவிட்டால் அதன்மேல் பத்துப் பேர், இருபது பேர், சில வேளைகளில் நூறு பேர்கூட வெவ்வேறு சொற்களைப் பாடுவார்கள். யாரும் அதைத் திருட்டு என்றோ கற்பனை வறட்சி என்றோ சொல்வதில்லை. இசைத்தட்டின் மறுபக்கத்தில் குரலை நீக்கிவிட்டு அடித்தளத்தை மட்டும் பதித்து, அதற்கு 'வெர்ஷன்' என்று பெயரிட்டு விற்பதும் அவ்வூர் வழக்கமே. பழைய அடித்தளத்தின்மேல் நிற்பது அங்கே மரியாதை. அங்கே நின்றபடி எவ்வளவு உண்மையாகப் பாடுகிறார் என்பதே பாடகருக்கு வைக்கப்படும் தேர்வு.

தாளத்தின் அமைப்பே இதற்குச் சான்று கூறும். 'ஒன் டிராப்' எனப்படும் ரெகேயின் அடிப்படைத் தாளத்தில், நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றின் முதல் எண்ணிக்கை வெறுமையாக விடப்பட்டு, மூன்றாவதில் டிரம்மின் முழு எடையும் விழுகிறது. கிட்டார் இரண்டிலும் நான்கிலும் வெட்டி வெட்டி ஒலிக்கிறது. பாட்டின் மெட்டைத் தாங்கிச் செல்லும் பொறுப்பு பேஸ் கிட்டாருக்குரியது. மேலைப் பாப் இசை எங்கே அழுத்தம் தருமோ அங்கே இவ்விசை மௌனம் காக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில், உரத்த குரலில் ஒவ்வொரு வரியையும் தமதாக்கிக்கொள்ளத் துடிக்கும் பாடகர் அந்த வெறுமையை நிரப்பித் தாளத்தையே கெடுத்துவிடுவார். 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பாடலில் கிசுகிசுப்பிலிருந்து வீறிடல் வரை சென்ற அதே குரல், இங்கே பேஸ் கிட்டாருக்கு ஓரடி பின்னால் நடப்பதை அடங்கிப்போனதாகக் கேட்பது பிழை. அந்த அடக்கத்திற்கும் பயிற்சி வேண்டும், ஒருவேளை வீறிடலுக்குத் தேவைப்படுவதைவிட அதிகமாகவே வேண்டும்.

இவ்விடத்தில் அன்பர்கள் பலர் கவனிக்கத் தவறிய ஒப்பீடு ஒன்று உண்டு. இம்மடல் எழுதப்பட்டதே அதன் பொருட்டுத்தான் என்றும் சொல்லலாம். ஜமைக்காத் தொகுப்புக்கு மூன்றாண்டு முன்னர், 2002இல், ஓ'கானர் 'ஷான்-நோஸ் நுவா' என்ற பெயரில் அயர்லாந்தின் மரபுப் பாடல்களைத் தொகுத்துப் பாடினார். 'ஷான்-நோஸ்' என்றால் ஐரிஷ் மொழியில் 'பழைய முறை'. வாத்தியத் துணை ஏதுமின்றி ஒற்றைக் குரலில், நுண்ணிய அசைவுகளோடு, தலைமுறை தலைமுறையாகச் செவிவழி வந்த பாடல்முறையை அது குறிக்கும். 'நுவா' என்றால் 'புதிய'. 'புதிய பழைய முறை' என்று தாமே பெயரிட்ட அத்தொகுப்பில், ஐரிஷ் மரபிசையின் மூத்த கலைஞர் டோனல் லன்னியோடு, இங்கிலாந்தில் 'டப்' இசையை வளர்த்த ஏட்ரியன் ஷெர்வுட்டையும் அவர் சேர்த்துக்கொண்டார். டப் என்பது பதிவான பாடலைக் கலைத்து, குரலைத் துண்டாக்கி, எதிரொலிகளால் மீண்டும் கட்டும் ஜமைக்காக் கலை. தம் பாட்டிமாரின் பாடல்களை, துணையின்றிப் பாட வேண்டும் என்ற மரபை மீறி, டிரம்மும் பேஸ் கிட்டாரும் எதிரொலியும் சேர்த்துப் பாடத் தயங்காத ஒருவர், மூன்றாண்டு கழித்துப் பிறர் பாட்டிமாரின் பாடல்களுக்கு வந்தபோது கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தம் வீட்டுச் சொத்தை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. இரவல் வாங்கியதை இருந்தபடியே திருப்பிக் கொடுக்கும் கடமையும் இருந்தது. இரண்டையும் அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இவ்விரு தொகுப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்பதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை. புதுமை செய்யத் தெரியாததால் மூலத்தோடு ஒட்டி நின்றார் என்னும் தீர்ப்பு இதன்பின் நிற்க வழியில்லை.

பாடல்களின் தேர்வும் இதையே உறுதி செய்கிறது. வெளிநாட்டார் ஒருவர் ரெகே பாட விரும்பினால் பெரும்பாலும் மார்லியின் புகழ்பெற்ற பாடல்களிலிருந்தே தொடங்குவார். இத்தொகுப்பில் மார்லியின் பாடல் ஒன்றே ஒன்றுதான். அதுவும் கடைசியில் வருகிறது. பன்னிரண்டில் ஐந்து பாடல்கள் வின்ஸ்டன் ராட்னியுடையவை. கென்யாவின் விடுதலைத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவோடு தொடர்புடைய 'பர்னிங் ஸ்பியர்', அதாவது 'எரியும் ஈட்டி' என்ற பெயரைச் சூடிக்கொண்ட இவர், ஜமைக்காவின் வடகரையில் உள்ள செயின்ட் ஆன்ஸ் பே என்னும் ஊரில் பிறந்தவர். கறுப்பின மக்களின் தன்மானத்திற்காக இயக்கம் கண்ட மார்கஸ் கார்வியும் 1887இல் அதே ஊரில்தான் பிறந்தார். கார்வி எச்சரித்தவை எல்லாம் நடந்தேறிவிட்டனவே என்ற ஆற்றாமையை ஸ்பியரின் 1975ஆம் ஆண்டுப் பாடலான 'மார்கஸ் கார்வி' முன்வைக்கிறது. ஸ்பியர் பாடும்போது தலைவர் ஒருவர் மேடையில் நின்று பேசுவதாகத் தோன்றாது. தனியே அமர்ந்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவரே கண்முன் வருவார். அத்தகைய பாடகரைத் தொகுப்பின் முதுகெலும்பாகக் கொள்வது, ரெகேயைக் கடற்கரை விடுதிகளின் பின்னணி ஓசையாக அறிந்தவர் செய்யும் செயலாகாது.

மற்றப் பாடல்களும் அவ்வாறே. அபிசீனியன்ஸ் குழுவின் 'இ மாஸ் கான்' எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியிலிருந்து தலைப்பைப் பெற்ற துதி. 'ப்ராஃபெட் ஹேஸ் அரைஸ்' பாடலைத் தந்த இஸ்ரேல் வைப்ரேஷன் குழுவினர் மூவரும் சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டு மருத்துவ இல்லத்தில் ஒருவரையொருவர் சந்தித்தவர்கள். பீட்டர் டாஷின் 'டவுன்பிரஸர் மேன்' அமெரிக்கக் கறுப்பினத்தாரின் பழைய வழிபாட்டுப் பாடலொன்றிலிருந்து கிளைத்தது. ஒடுக்குபவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் அசை, மேல்நோக்கைக் குறிக்கும் 'அப்' போல ஒலிக்கிறது என்பதால், கீழே அழுத்துபவனுக்கு அது பொருந்தாது என்று ராஸ்டஃபாரியினர் 'டவுன்' என்பதை அங்கே வைத்துப் புதுச்சொல் படைத்துக்கொண்டார்கள். ஆட்சியாளர் தந்த மொழியைத் தம் நியாயத்திற்கு ஏற்பத் திருத்திக்கொண்ட அம்மக்களின் சொல்லை, ஆங்கிலேயரிடம் சொந்த மொழியைப் பெரும்பாலும் இழந்துவிட்ட நாட்டைச் சேர்ந்த ஒருவர் அழுத்தம் திருத்தமாக உச்சரிக்கும்போது, அதன் கூர்மை கேட்பவருக்கு உறைக்காமல் போவதில்லை.

குறையே இல்லாத தொகுப்பு என்று வாதாடுவது இம்மடலின் நோக்கமன்று. லீ பெர்ரி என்னும் விந்தையான தயாரிப்பாளர் 1970களில் தம் வீட்டு முற்றத்தில் கட்டிய 'பிளாக் ஆர்க்' கூடத்தில், எளிய கருவிகளைக் கொண்டு ஈரமும் புகையும் படிந்தது போன்ற ஓர் ஒலியை உருவாக்கினார். அங்கே பிறந்து இத்தொகுப்பிலும் இடம்பெறும் 'வேம்பயர்' பாடல் அந்த ஒலியிலிருந்து பிரித்தெடுக்க முடியாதது. டஃப் காங்கின் தெளிந்த பதிவில் அதன் மருட்சி கரைந்துவிடுகிறது. இப்பாடலைப் பொறுத்தவரை மூலமே போதும் என்பவர்களோடு முரண்படக் காரணமில்லை.

ஆனால் அதே பெர்ரியின் தயாரிப்பில் ஜூனியர் பைல்ஸ் பாடிய 'கர்லி லாக்ஸ்' இங்கே எய்தியிருக்கும் நிலை வேறு. சடைமுடி வளர்த்து ராஸ்டஃபாரி ஆகிவிட்ட இளைஞன் ஒருவன், தன்னோடு பேசக் கூடாது என்று தந்தையால் தடுக்கப்பட்ட காதலியிடம் முறையிடும் பாட்டு அது. 1970களின் ஜமைக்காவில் ராஸ்டஃபாரியினரைக் குடும்பங்கள் எவ்வளவு அஞ்சி ஒதுக்கின என்பதை அறிந்தால்தான் இவ்வெளிய காதல் பாட்டின் வலி விளங்கும். 1963 ஏப்ரலில் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த மோதலை அடுத்துக் காவலர் அவர்களைத் தேடித்தேடி அடித்துச் சிறையிட்டனர், அதற்கு ஜமைக்கா அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல்தான். இந்தப் பாட்டைப் பெண் ஒருவர் பாடும்போது, முறையிடுபவர் யார், முறையீட்டைக் கேட்பவர் யார் என்பது சற்றே கலங்கி, தலைமுடியின் பொருட்டு ஒதுக்கப்பட்டவர் என்ற இடத்தில் ஓ'கானரே வந்து நிற்கிறார். அழகுப் பொம்மையாகக் காட்ட விரும்பிய இசைத்தொழிலுக்கு மறுப்பாகத் தம் தலையை மழித்துக்கொண்டவர் அவர். சடைக்கும் மழித்த தலைக்கும் இடையே உள்ள இந்த உறவை அவர் எங்கும் விளக்குவதில்லை; பாடுவதோடு நிறுத்திக்கொள்கிறார். ராஸ்டஃபாரி மரபு பெரிதும் ஆண்களின் குரலாகவே வெளியுலகை அடைந்தது என்பதையும், ஜூடி மோவாட், மார்சியா கிரிஃபித்ஸ், ரீட்டா மார்லி போன்ற பாடகியர் அதில் தமக்கென இடம் காணப் போராட வேண்டியிருந்தது என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும்.

நிறத்தைப் பற்றிய கேள்வியே மிகக் கடினமானது. அதற்கு விடையாக அயர்லாந்து அன்பர்கள் சிலர் முன்வைக்கும் வாதத்தை இம்மடல் ஏற்க இயலாது. 1655இல் இங்கிலாந்து ஆட்சியாளர் குரோம்வெல்லின் படை ஸ்பெயினிடமிருந்து ஜமைக்காவைக் கைப்பற்றிய காலத்தில் ஐரிஷ் மக்கள் பலர் கரீபியத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பது உண்மை. அவர்களில் பலர் விருப்பத்திற்கு மாறாக அனுப்பப்பட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கட்டுண்ட கூலிகள். ஆப்பிரிக்கரோ பிறப்பால், பரம்பரையாக, விலைக்கு விற்கப்படும் உடைமைகள். தப்பிப் பிழைத்த ஐரிஷ் குடியேறிகளில் சிலர் பின்னர் அடிமைகளை வைத்திருக்கவும் செய்தார்கள். 'நாங்களும் அடிமைகளே' என்று சொல்லி ஒரு பாடலுக்கு உரிமை கோருவது, பட்டவர்களின் துயரத்தை இரண்டாம் முறை பறிப்பதாகும். ஓ'கானருக்கு அந்தப் பொய்யான சான்றிதழ் தேவைப்படவும் இல்லை.

உண்மையான தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது. கார்வி 1919இல் நியூயார்க்கின் ஹார்லெமில் திறந்த இயக்க அரங்குக்கு, டப்ளின் தொழிற்சங்கத் தலைமையகத்தின் பெயரான 'லிபர்ட்டி ஹால்' என்பதையே சூட்டினார். 1920 ஆகஸ்டில் நடந்த தம் மாநாட்டிலிருந்து ஐரிஷ் விடுதலைத் தலைவர் டி வலேராவுக்கு ஆதரவுத் தந்தி அனுப்பினார். இரு மக்களும் ஒன்றே என்று அவர் சொல்லவில்லை. ஒருவர் போராட்டத்திலிருந்து மற்றவர் கற்றுக்கொள்ளலாம் என்று காட்டினார். ஓ'கானரும் அதே வழியில்தான் நடந்தார். லண்டனில் காவலருக்கு அஞ்சித் தப்பியோடிய கறுப்பின இளைஞன் இறந்ததைப் பற்றி 1990இல் 'பிளாக் பாய்ஸ் ஆன் மொபெட்ஸ்' என்ற பாடலை எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு கிராமி விருது விழாவில், ராப் இசைக்கான விருதை ஒளிபரப்ப மறுத்ததைக் கண்டித்துப் பப்ளிக் எனிமி குழுவின் சின்னத்தைத் தலையில் வரைந்துகொண்டு பாடினார். ஜமைக்காவுக்குச் சென்றபோது அவர் புதியவராகச் செல்லவில்லை.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒருவர் பாடலை மற்றவர் பாடினால் எழுதியவருக்கு உரிமைத்தொகை போய்ச் சேரும் என்பது சட்டம். ஆனால் 1960, 70களின் ஜமைக்காவில் பல பாடல்களுக்கு எழுதியவர் என்று தாளில் பதிந்த பெயர் பாடியவருடையதாக இராமல் தயாரிப்பாளருடையதாகவே இருந்தது. ஆகவே சட்டப்படி செலுத்திய தொகை உரியவரைச் சேரும் என்ற உறுதி இல்லை. இத்தொகுப்பின் இலாபத்தில் பத்தில் ஒரு பங்கு ஜமைக்காவில் வாழும் ராஸ்டஃபாரி முதியவர்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பதை அந்தப் பின்னணியில் வைத்தே எடைபோட வேண்டும். அது போதுமானதா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆயினும் அப்பாடல்களால் பெரும்பொருள் ஈட்டிய எத்தனை பேர் அந்த முதியவர்களை நினைத்தார்கள் என்பதும் அதே மூச்சில் கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

இறுதியாக, தொகுப்பின் முதற்பாடலையும் கடைசிப் பாடலையும் சேர்த்துக் கேட்குமாறு அன்பர்களை இம்மடல் வேண்டுகிறது. முதற்பாடலான 'ஜா நுஹ் டெட்' ஸ்பியருடையது. 'ஜா இறக்கவில்லை' என்பது பொருள். 1975 ஆகஸ்டில் ஹைலி செலாசி இறந்ததாகச் செய்தி வந்தபோது ராஸ்டஃபாரி அடியார்கள் அடைந்த கலக்கத்திற்கு விடையாகவே அது ஒலிக்கிறது. 1978ஆம் ஆண்டுத் திரைப்படமான 'ராக்கர்ஸ்' இல், இரவு நேரக் கடற்கரையில், வாத்தியம் ஏதுமின்றி ஸ்பியர் அதைப் பாடுவார். கடைசிப் பாடலான 'வார்', 1963 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையில் செலாசி ஆற்றிய உரையை மார்லி 1976இல் இசையாக்கியது. 1992 அக்டோபர் 3 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓ'கானர் வாத்தியத் துணையின்றிப் பாடியதும் இதையே. சொற்களில் குழந்தைகள் மீதான வன்கொடுமையைச் சேர்த்துப் பாடி முடித்து, தம் தாயின் அறைச் சுவரில் தொங்கிய போப் இரண்டாம் யோவான் பவுலின் படத்தைக் கிழித்தார். கத்தோலிக்க நிறுவனங்களில் அயர்லாந்துக் குழந்தைகள் பட்ட கொடுமைகளை அந்நாட்டு ஆணையமே விரிவாகப் பதிவு செய்தது 2009இல். 1992இலோ அவருக்குக் கிடைத்தது ஏளனம். அக்டோபர் 16 அன்று, பாடகர் பாப் டிலனுக்கு எடுத்த விழாவில், மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஒரு பகுதியினர் இரைச்சலிட்டபோது, பாடவிருந்த பாட்டை நிறுத்திவிட்டு, வாத்தியக்காரர்களையும் கையமர்த்தி, அவர் மீண்டும் 'வார்' பாடலையே உரக்கச் சொன்னார். பிறகு மேடையை விட்டு நீங்கினார்.

2023 ஜூலை 26 அன்று அவர் மறைந்த பின் எழுந்த பேச்சில் அந்த இரண்டு இரவுகள் திரும்பத் திரும்ப நினைவுகூரப்பட்டன. பதின்மூன்று ஆண்டு கழித்துக் கிங்ஸ்டனில் அதே பாடல் பதிவானதோ பெரும்பாலும் விடுபட்டுப் போனது. 1992இல் துணைக்கு ஓர் ஒலிகூட இல்லாமல் அவர் தாங்கி நின்ற அந்தப் பாட்டு, தொகுப்பின் பன்னிரண்டாம் பாடலாக வரும்போது, அதன் கீழே ஸ்லையின் டிரம்மும் ராபியின் பேஸ் கிட்டாரும் இருக்கின்றன. கூடத்தில் இரைச்சலிட யாரும் இல்லை.